வலது பக்கப் பட்டன்

ஜூன் 3, செவ்வாய்

எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். இடது கை.

ஜூன் 4, புதன்

நேத்து எழுதின ஒரு வரியைப் பார்த்துட்டு வசு சிரிக்கிறா. என் பொண்டாட்டி வசுமதிக்கு சிரிக்கிறதுக்கு நேரம் காலம் கிடையாது. "கோழி கிளறின மாதிரி இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு மறுபடியும் சிரிக்கிறா.

ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி குடுக்கிற தெரபி அக்காதான் தினம் கொஞ்சம் எழுதச் சொன்னது. என்னத்தை எழுதன்னு கேட்டேன். மனசுல தோணுறதை எழுதுங்க தம்பின்னாங்க. தோணுறதை எல்லாம் எழுதினா நோட்டு பத்தாது. இப்ப பாருங்க, அந்த அக்கா ரெண்டு தடவை கேட்டாங்க, "கம்பெனியில என்ன சொல்றாங்க தம்பி"ன்னு. விரலை மடக்கிப் பார்க்கிறவங்களுக்கு கம்பெனி என்ன சொன்னா என்ன?

ஜூன் 7, சனி

கை கொஞ்சம் பழகிடுச்சு. நடந்ததை ஒழுங்கா எழுதி வெச்சுடறேன். நாளைக்கு எவனும் வந்து "உனக்கு ஞாபகம் இல்லப்பா"ன்னு சொல்லக் கூடாது.

ஓசூர்ல ஒரு கம்பெனியில பவர் பிரஸ் ஓட்டறேன். பைக்குக்குப் போற பிராக்கெட் அடிக்கிற மிஷின். தகடை உள்ள வெக்கணும். வெச்சதும் ரெண்டு கையையும் வெளிய எடுத்து, இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன், ரெண்டையும் சேர்த்து அமுக்கணும். அப்பதான் பிரஸ் இறங்கும். ஒண்ணை மட்டும் அமுக்கினா அசையாது. ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா எந்தக் கையும் உள்ள மாட்டாது இல்லையா, அதுக்காக அப்படி செஞ்சு வெச்சிருக்காங்க.

ஏப்ரல் கடைசியில ஒரு மதியம். ஷிஃப்ட் மாறி வந்து நின்னு முதல் தகடை வலது கையால உள்ள வெச்சேன். வெக்கும்போதே இடது கை பழக்கத்துல போய் அதோட பட்டன் மேல உட்கார்ந்துச்சு. பிரஸ் இறங்கிடுச்சு. வலது கையில கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம்.

என் வலது கை உள்ள இருந்துச்சு. அப்ப வலது பட்டனை அமுக்கினது யாரு?

எங்க ஷாப்ல ஒரு பழக்கம் உண்டு. டார்கெட் முடியணும்னு சில பேரு வலது பட்டனோட சந்துல ஒரு ரப்பர் துண்டைச் சொருகிடுவாங்க. பட்டன் அமுங்கியே கெடக்கும். வலது கையால தகடை வெக்க வெக்க, இடது கையால அடிச்சுக்கிட்டே போகலாம், வேலை ஓடும். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். ஆடிட்டுக்கு ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லா ரப்பரும் காணாம போயிடும். அன்னிக்கு அந்த ரப்பர் இருந்திருக்கணும், வேற வழியே இல்ல. ஆனா மெயின்டனன்ஸ் ஆளுங்க உடனே வந்து பார்த்தாங்களாம், பட்டன் சுத்தமா இருந்துச்சாம். அதனால நானே இடது பட்டனைக் கையாலயும் வலது பட்டனை முழங்கையாலயும் அமுக்கிட்டேனாம். என் கவனக்குறைவாம். கையை உள்ள விட்டுக்கிட்டு முழங்கையால அமுக்க நான் என்ன சர்க்கஸ்காரனா?

விசாரணை வெக்கப் போறாங்க. என் தப்புன்னு முடிவாச்சுன்னா வேலை காலி. இந்தக் கையைக் காட்டி வேற எந்த கேட்டுல போய் நிப்பேன்?

ரப்பரை யாரோ எடுத்திருக்காங்க. மெயின்டனன்ஸா, சூப்பர்வைசரா, எச்.ஆர். திவாகர் சாரா, யாரோ.

ஜூன் 9, திங்கள்

ஜெரால்டு வந்தான். எனக்கு முந்தின ஷிஃப்ட்ல அதே மிஷினை ஓட்டுறவன். வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து கூட்டாளி. அன்னிக்கு கை கழுவிட்டுக் கிளம்ப இருந்தவன், என் சத்தம் கேட்டு ஓடி வந்து, போட்டிருந்த சட்டையைக் கழட்டி என் கையில சுத்தி, வேன்ல ஏத்தினான். ஆஸ்பத்திரியிலயே கேட்டுட்டேன், ரப்பர் இருந்துச்சாடான்னு. "எடுத்துட்டுத்தான் மச்சான் மிஷினை விட்டு வந்தேன், என் பொண்ணு மேல சத்தியம்"னான். அதோட விட்டுட்டேன். அவனைச் சந்தேகப்பட்டா மிச்சமிருக்கிற கையையும் சந்தேகப்படணும்.

சும்மா உட்கார்ந்திருந்தவன் கண்ணுல அலமாரியில கெடந்த கேம் செட் பட்டுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் பெங்களூர்ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. கையில பிடிச்சுக்கிட்டே ஆடலாம், நடுவுல ஸ்கிரீன், ரெண்டு பக்கமும் பட்டன். ஒரு காலத்துல அதுல கார் ரேஸ் ஓட்டி கண்ணு சிவந்து கெடந்திருக்கேன்.

"இதை ஆடேன் மச்சான். கைக்கும் பயிற்சி."

"வலது பக்கப் பட்டனை எதைக் கொண்டு அமுக்க, மூக்கையா?"

அவன் சிரிக்கல. அந்தக் கேமை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதுல கஸ்டம் ஃபர்ம்வேர்னு ஒண்ணு போடலாமாம். செட்டைத் தயாரிச்ச கம்பெனிக்காரன் உள்ள ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருப்பான், அது எந்தப் பட்டன் எதுக்குன்னு மாத்த விடாது. வெளி ஆளுங்க எழுதின சாஃப்ட்வேரைப் போட்டுட்டா நம்ம இஷ்டத்துக்குப் பட்டனை மாத்திக்கலாம், ஒத்தைக் கையிலயே ஆடலாம். யூடியூப்ல பார்த்திருக்கானாம். "நான் போட்டுத் தர்றேன் மச்சான்"னு சொல்லும்போது அவன் முகம் நல்லாவே இல்ல. என்னவோ நான் அவன்கிட்ட கடைசி ஆசை கேட்ட மாதிரி.

ஜூன் 11, புதன்

ஜெரால்டு மறுபடியும் வந்தான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வர்றான். கூட்டாளிதான், ஆனா ஆஸ்பத்திரியில இருந்தப்ப இவ்வளவு வரலையே?

செட்டை ஆன் பண்ணி உள்ள போய் ஏதோ வெர்ஷன் நம்பரைப் பார்த்தான். எந்த வெர்ஷன்னு தெரிஞ்சாத்தான் எந்த ஃபர்ம்வேர் பொருந்தும்னு தெரியுமாம். பின்பக்கம் மூடி லேசா தூக்கிக்கிட்டு இருந்துச்சு. கழட்டிப் பார்த்தா பேட்டரி உப்பி, மழையில ஊறின பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்குது. ஃபர்ம்வேர் ஏறிக்கிட்டு இருக்கும்போது சார்ஜ் போச்சுன்னா செட்டே பிரிக் ஆயிடுமாம். பிரிக்னா செங்கல். அப்புறம் அதை வெச்சு சுவர்தான் கட்டணும்.

வேற பேட்டரி தேடறேன்னு சொல்லி, போட்டோ எடுத்தான். முதல்ல பேட்டரியை. அப்புறம் செட்டை என் கையில குடுத்துப் பிடிக்கச் சொல்லி ஒண்ணு. "என் கை எதுக்குடா?"ன்னேன். "எந்த விரல் எதுவரைக்கும் எட்டுதுன்னு பார்க்கணும் மச்சான்."

இருக்கலாம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, கேம் செட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கிற போட்டோ திவாகர் சார் கையில கெடைச்சா என்ன ஆகும்? "கை நல்லாத்தானே இருக்குது, வீட்டுல கேம் ஆடிக்கிட்டு இருக்கான்"னு விசாரணையில நீட்டிட மாட்டாரா?

வசுகிட்ட சொன்னேன். "உங்களுக்கு இட்லிக்குத் தொட்டுக்கச் சட்னி வேணாம், சந்தேகமே போதும்"னு சொல்லிட்டு துணி எடுக்க மாடிக்குப் போயிட்டா. போகும்போது போனையும் எடுத்துட்டுப் போனா. துணி எடுக்க எதுக்கு போன்?

ஜூன் 12, வியாழன்

வாசல்ல ஒரு பை மாம்பழம். ஜெரால்டு வெச்சுட்டு, கூப்பிடாமலே போயிருக்கான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில சர்ச் முடிஞ்சு நேரா இங்க வந்துட்டான். புது பேட்டரி, பெரிய மெமரி கார்டு. எல்லாம் கொண்டுவந்து கட்டில்ல பரப்பினான். அவனோட பழைய லேப்டாப்பைத் திறந்து, மெமரி கார்டுல ஒரு ஃபோல்டர் பண்ணி, அதுக்குள்ள ஃபைலை காப்பி பண்ணினான். ஃபோல்டர் பேரு பெரிய எழுத்துல இருக்கணுமாம், ஒரு எழுத்து மாறினாலும் செட்டு கண்டுக்காதாம். பேரைத் தட்டும்போது மட்டும் மூணு தடவை சரி பார்த்தான். மிஷின்ல நிக்கும்போது அவ்வளவு நிதானமான ஆள் இல்ல அவன், பர பரன்னு இருப்பான்.

கார்டைப் போட்டு ஆன் பண்ணினா, செட்டு "கெட்டுப்போன டேட்டா"ன்னு காட்டுது. மறுபடி காப்பி, மறுபடி அதே. கடைசியில பார்த்தா, இவன் இறக்கினது வேற மாடலுக்கானது. செட்டுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற நம்பரை இவன் பார்க்கவே இல்ல.

"பார்க்காம விட்டுட்டேன் மச்சான். பார்த்திருக்கணும்"னான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். ஒரு ஃபைலுக்கு எதுக்குடா இவ்வளவு மன்னிப்புன்னு எனக்கே சங்கடமா போச்சு.

அவன் இருக்கும்போதே வசுவுக்கு போன் வந்துச்சு. பேரைப் பார்த்ததும் எழுந்து மாடிக்கு ஓடினா. நான் படிக்கட்டு வரைக்கும் போனேன். "அவர்கிட்ட பேசாதீங்க, எங்கிட்ட பேசுங்க"ன்னு கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. இறங்கி வந்தவகிட்ட யாருன்னு கேட்டா, சித்தியாம். அவ சித்தியை நீங்க, வாங்கன்னு பேசி நான் பார்த்ததே இல்ல.

ஜூன் 17, செவ்வாய்

எச்.ஆர். திவாகர் சார் வீட்டுக்கே வந்துட்டார். சாத்துக்குடி, ரொட்டி பாக்கெட், பின்னாடி ஒரு ஃபைல். காபி வேணாம்னார். வேணாம்னு சொல்ற ஆளுங்க சீக்கிரம் கிளம்பணும்னு வந்தவங்க.

"அரி, இருபத்தேழாம் தேதி விசாரணைப்பா. அதுக்கெல்லாம் அலையணுமா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஸ்டோர்ஸ்ல உட்கார வெச்சுக்கிறேன்னு நான் வாய் வார்த்தை தர்றேன்."

"நான் எழுத்துல தரணும், நீங்க மட்டும் வாய் வார்த்தையா தருவீங்களா சார்?"ன்னேன்.

அவர் முகம் கறுத்துப் போச்சு. "எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்கப்பா. உங்க ஃபிரண்டு ஜெரால்டுகூட. மிஷின் சரியாத்தான் இருந்துச்சு, பட்டன்ல எதுவும் இல்லன்னு அவரே எழுதியிருக்காரு. அவருக்குத் தெரியாதா?"

வசு உள்ளேயிருந்து வந்தா. "அவர் கையெழுத்துப் போட மாட்டார் சார். போடற கையை உங்க மிஷின்ல விட்டுட்டு வந்துட்டார்"ன்னா. திவாகர் சார் ஃபைலை மூடிட்டு எழுந்துட்டார்.

ஜெரால்டு எழுதிக் குடுத்திருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கட்டில்ல உட்கார்ந்து மாம்பழம் சாப்பிடுறியா மச்சான்னு கேட்டானே, அப்ப சொல்லியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

வந்தான். உட்கார்றதுக்கு முன்னாடியே கேட்டேன்.

"எழுதிக் குடுத்தியா?"

"எல்லார்கிட்டயும் வாங்கினாங்க மச்சான்."

"எல்லாரும் அங்க இல்லையே. நீதானே இருந்த."

"நான் பார்க்கும்போது ஒண்ணும் இல்ல. அதைத்தான் எழுதினேன்."

சரிதானே? பார்க்கும்போது இல்லைன்னா இல்லன்னுதானே எழுத முடியும். அவன் பார்க்கிறதுக்கு முன்னாடியே எவனோ எடுத்திருப்பான். ஆனா சத்தம் கேட்டு முதல்ல வந்தது இவன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இதுக்கு மேல யோசிச்சா தலை வலிக்குது.

ஃபர்ம்வேர் ஏறிடுச்சு. இந்தத் தடவை செட்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பரை என்னையே படிக்கச் சொன்னான். பேட்டரி ஃபுல் சார்ஜ், சார்ஜர் ஒயரும் சொருகியே வெச்சான். இன்ஸ்டால் கொடுத்ததும் ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. தொடாதன்னு கையை நீட்டித் தடுத்தான். நானும் மூச்சை அடக்கிக்கிட்டேன், எதுக்குன்னே தெரியல. அப்புறம் லோகோ வந்துச்சு. வெர்ஷன் இருக்கிற இடத்துல புதுசா ஏதோ எழுத்து. "ஏறிடுச்சு மச்சான்!"னு கத்தினான். நானும் கத்தினேன். வசு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பையன் பொறந்துட்டானா?"ன்னா.

ரெண்டு மாசத்துல முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சேன். இவன்கூட. அதையும் எழுதிடறேன்.

ஜூன் 21, சனி

பட்டன் மாத்துற வேலை இன்னிக்கு. இன்னொரு சின்ன புரோகிராமை மெமரி கார்டுல போட்டு, அதுக்குள்ள எந்தப் பட்டன் எதுக்குன்னு அமைச்சான். கார் ரேஸ்ல இடது பக்கம் ரேஸைத் தொடங்குறதுக்கும் திருப்புறதுக்கும், வலது பக்கப் பட்டன் ஆக்ஸிலேட்டருக்கு. அந்த வலது பட்டனைத்தான் என்னால பிடிச்சுக்கிட்டே இருக்க முடியாது.

"இதை எப்பவும் அமுங்கின மாதிரியே வெச்சிடறேன் மச்சான். நீ தொடவே வேணாம். வலது பட்டன் அது பாட்டுக்கு அமுங்கியே கெடக்கும், இடது கை மட்டும் போதும்."

"சூப்பர்டா."

"ஒண்ணே ஒண்ணு. ஆடி முடிச்சதும் மறக்காம இதை ஆஃப் பண்ணிடணும். மறந்து அப்படியே வெச்சுட்டுப் போயிட்டா, அடுத்து எடுக்கிறவனுக்குத் தெரியாது பாரு. இடது கையை வெச்ச உடனே..."

அதோட நிறுத்திட்டான். கேம்ல ஏதோ பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவன் செட்டையே பார்த்துக்கிட்டு இருந்தான், நான் அவனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வசு தண்ணி கொண்டுவந்து குடுத்தா. மடக் மடக்குன்னு குடிச்சான், சட்டையெல்லாம் ஈரம். பொண்ணை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்னான். சனிக்கிழமை டியூஷன் கிடையாதேன்னு வசு சொல்றதுக்குள்ள செருப்பை மாட்டிட்டான்.

கேம் நல்லா வேலை செய்யுது.

ஜூன் 22, ஞாயிறு

மழை. விளையாடல. அவனும் வரல.

ஜூன் 23, திங்கள்

ஒரு வேலை பண்ணினேன். செட்டை ஆன் பண்ணி, ரேஸை எடுத்து வெச்சு, வசுகிட்ட குடுத்தேன். வலது பட்டனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவ ஆடத் தெரியாதவ. வலது பக்கம் எதையும் தொடல. ரேஸைத் தொடங்க இடது கையால லேசா ஒரு தட்டு தட்டினா. கார் பாஞ்சு போய் சுவத்துல மோதிடுச்சு. "ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலைங்க!"ன்னு செட்டைக் கட்டில்ல போட்டுட்டா.

நான் ஒண்ணுமே பண்ணல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் நான் கத்தினதும் அதேதானாம், அவதான் சொன்னா.

ஜெரால்டு சொன்னதைச் சொன்னேன். அவ கட்டில்ல கெடந்த செட்டை எடுத்து ஆஃப் பண்ணினா. அப்புறம், "ஜெரால்டு அண்ணனா?"ன்னா. அவளுக்கு அண்ணன்னா அண்ணன்தான், ரக்ஷா பந்தன் கயிறெல்லாம் எதுவும் கட்டினதில்ல, ஆனா தீபாவளிக்கு எனக்கு முன்னாடி அவனுக்குத்தான் முறுக்கு போகும்.

நான் கோபத்துல போன் விஷயத்தையும் கேட்டுட்டேன். மாடியில யார்கூட பேசறன்னு. சித்தி இல்லையாம். திவாகர் சாராம். உங்க வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போட வைங்கன்னு வாரம் தவறாம கூப்பிட்டிருக்கார். முடியாதுன்னு இவளும் வாரம் தவறாம சொல்லியிருக்கா. "உங்களுக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல"ன்னு அழுதா. என் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. சந்தேகப்பட வேண்டியவனை விட்டுட்டு, கூடவே நின்னவளைப் படிக்கட்டுல நின்னு ஒட்டுக் கேட்டிருக்கேன்.

ஜூன் 25, புதன்

ஜெரால்டு போனை எடுக்கல. நேத்தும் எடுக்கல.

வசு சொல்றா, விசாரணையில பேரைச் சொல்லிடுங்கன்னு. சொன்னா அவன் வேலை போயிடும். சொல்லலைன்னா என் வேலை போயிடும். இவ்வளவுதான் கணக்கு, இதுல நான் எதுக்கு ரெண்டு நாளா சாப்பிடாம இருக்கேன்? துரோகி. பொண்ணு மேல சத்தியம் பண்ணினான். என் வீட்டுக் கட்டில்ல உட்கார்ந்து, என் கைக்காக பேட்டரி தேடி அலைஞ்சான். எது நிஜம்னே புரியல. ரெண்டும் நிஜமா இருந்தா நான் எவனைத் திட்டுறது?

சொன்னாலும் யார் நம்புவா? கேம் ஆடும்போது ஒரு வார்த்தை விட்டான் சார்னு சொன்னா சிரிப்பாங்க.

ஜூன் 27, வெள்ளி

விசாரணை. வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவை விசாரணை அதிகாரியா போட்டிருந்தாங்க. கம்பெனி போட்ட ஆள் கம்பெனி பக்கம்தான் பேசும்னு நினைச்சுக்கிட்டே போனேன். அவங்க முதல்ல என் கையைப் பார்த்தாங்க, அப்புறம்தான் ஃபைலைத் திறந்தாங்க.

திவாகர் சார் எல்லாரும் எழுதிக் குடுத்ததைப் படிச்சார். முழங்கை கதையும் வந்துச்சு. உங்க பக்கம் என்னன்னு அந்தம்மா கேட்டாங்க.

"வலது பட்டன் அமுங்கியே இருந்துச்சும்மா. ரப்பர் சொருகியிருந்துச்சு. நான் சொருகல."

"பார்த்தீங்களா?"

"பார்த்திருந்தா கையை விட்டிருப்பேனா?"

திவாகர் சார் சிரிச்சார். வேணும்னா மிஷினையே பார்த்துடலாம் மேடம்னார், ரொம்ப தைரியமா. எல்லாரும் ஷாப்புக்கு நடந்தோம். ரெண்டு மாசத்துக்கப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வலது கையைச் சட்டைக்குள்ள இழுத்துக்கிட்டேன். மிஷின் ஒவ்வொண்ணையும் பார்த்துக்கிட்டே போனேன், ஒரு பட்டன்லயும் ரப்பர் இல்ல. யாரோ முன்னாடியே சொல்லி வெச்சிருக்காங்க.

எங்க மிஷின்ல ஜெரால்டு நின்னுக்கிட்டு இருந்தான். என்னைப் பார்த்துட்டுக் குனிஞ்சுக்கிட்டான்.

ஓட்டிக் காட்டுப்பான்னாங்க. ரெண்டு பட்டனையும் அமுக்கினான், இறங்குச்சு. இடது கை மட்டும்னாங்க, அமுக்கினான், அசையல. "பாருங்க மேடம்"னார் திவாகர் சார். அந்தம்மா எழுதிக்க ஆரம்பிச்சாங்க. அவங்க அந்தப் பேனாவை எடுக்கும்போதே என் வேலை போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு.

பேரைச் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேற.

"மச்சான், எனக்கு கேம்ல வெச்சுக் குடுத்தியே. அதே மாதிரி வை."

திவாகர் சாருக்குப் புரியல. அவனுக்குப் புரிஞ்சுது. பக்கத்து மிஷின்காரங்க ஓட்டுறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் அவன் குனிஞ்சு, ஆயில் டப்பாவுக்குப் பின்னாடி கையை விட்டு, ஒரு கறுப்பு ரப்பர் துண்டை எடுத்தான். வலது பட்டன் சந்துல சொருகினான், கண்ணால பார்க்கக்கூட இல்ல, கை தானா போச்சு. வலது கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, இடது கையால தட்டினான். பிரஸ் இறங்குச்சு. மறுபடியும் தட்டினான். மறுபடியும் இறங்குச்சு.

"இப்படித்தாம்மா நாங்க எல்லாரும் ஓட்டறோம். சாருக்கும் தெரியும். அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு போகும்போது இதை எடுக்க நான் மறந்துட்டேன்."

திவாகர் சார் ஏதோ சொல்ல வந்தார். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்திட்டு, ரப்பரைக் கேட்டு வாங்கி, ஒரு கவர்ல போட்டுக்கிட்டாங்க.

ஜூன் 29, ஞாயிறு

நேத்து கம்பெனியிலிருந்து போன். என் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்களாம். ஸ்டோர்ஸ்ல வேலை, இந்தத் தடவை எழுத்துல. ஜெரால்டு சஸ்பெண்டு. சூப்பர்வைசரையும் விசாரிக்கிறாங்களாம். வசு சாமி படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. நல்ல சேதிதானே, அப்ப ஏன் வீட்டுல யாரும் சிரிக்கலன்னு எனக்கே சந்தேகம்.

மதியம் ஜெரால்டு வந்தான். உள்ள வரல, வாசல்லயே நின்னான். வசு வழக்கமா "வாங்கண்ணா"ன்னுவா, இன்னிக்கு அடுப்படிக்குப் போயிட்டா.

"என்னை என்ன வேணா பண்ணு மச்சான்"னான்.

எனக்கு அடிக்கணும்னு தோணல. ஒரே ஒரு கேள்விதான் ரெண்டு நாளா உள்ள குடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மெயின்டனன்ஸ் வர்றப்ப பட்டன் சுத்தமா இருந்துச்சுன்னா, இவன்தானே எடுத்திருக்கணும். எப்ப எடுத்தான்?

"நான் கீழ கெடந்தேன். நீ ஓடி வந்த. முதல்ல எதைத் தொட்ட? ரப்பரையா, என்னையா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். உன்னைத்தான் மச்சான்னு சொல்லியிருந்தா, இல்லன்னு சொல்ல அங்க வேற யாரு இருந்தா? நானே அதைத்தான் கேக்கணும்னு ஆசைப்பட்டேன். அவன் என் முகத்தை நேரா பார்த்தான்.

"ரப்பரை"ன்னான்.

இந்த ரெண்டு மாசத்துல டாக்டர் சொன்னதை, தெரபி அக்கா சொன்னதை, கட்டின பொண்டாட்டி சொன்னதைக்கூட நான் உடனே நம்பினதில்ல. இந்த ஒரு வார்த்தையை உடனே நம்பினேன். வாசப்படியில அப்படியே உட்கார்ந்து, சின்னப் புள்ளை மாதிரி அழுதேன். அவன் போகவும் இல்ல, கிட்ட வரவும் இல்ல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் நின்னான்.